நாலாம் நாள் சாம்பிள்

நாய் கருவாயன் இருமி இருமி ரத்தம் கக்கியதும் ரேணுகா அதைத் தூக்கிக்கொண்டு தேவாலாவிலிருந்து கூடலூருக்கு பஸ் ஏறிவிட்டாள். கால்நடை டாக்டர் ஜாபேஸ் ஈறைப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார்.

"எலி மருந்து தின்னிருந்தாலும் இப்படி வருங்க. நத்தையத் தின்னு நுரையீரல்ல புழு விழுந்திருந்தாலும் வருங்க. இப்போதைக்கு விஷத்துக்கு ஊசி போடறேன். மூணு நாள், நாய் வெளிக்குப் போனதும் அப்பவே எடுத்து, தனித்தனி டப்பாவுல கொண்டாங்க. மண்ணுல கிடந்தது வேண்டாம், மண்ணுப் புழு ஏறிடும்."

அவ்வளவையும் சொன்னார் மனுஷன். இவள் காதில் விழுந்ததோ எலி மருந்து ஒன்றுதான். பக்கத்து வீட்டு மூக்கம்மா, கோழியை நாய் விரட்டுகிறது என்று போன வாரம்தான் சத்தம் போட்டிருந்தாள். போதாதா? அன்று சாயங்காலமே ரேணுகா மிளகாய் அரைத்து, அவர்கள் குடியிருக்கும் தேயிலைத் தோட்ட லயத்துக்குப் பின்னால் இருக்கும் மாரியம்மன் கல்லில் பூசினாள். "என் நாய்க்கு விஷம் வச்ச மூக்கம்மா கை அழுகணும் தாயே!" லயமே திரண்டு நின்று பார்த்தது. மூக்கம்மாவும் பார்த்தாள்.

இரண்டு நாள் சாம்பிள் எடுத்தாயிற்று. மூன்றாம் நாள் வேலைக்குக் கிளம்பும்வரை கருவாயன் வெளிக்குப் போகவே இல்லை. மத்தியானம் ரேணுகா கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது மூக்கம்மா மூச்சு வாங்க மேடேறி வந்தாள், கையில் ஒரு டப்பா.

"நீ டப்பாவுல எடுக்கறதப் பார்த்தேன். இந்தா, இப்பத்தான் போச்சு. கீழ விழுகறதுக்குள்ள காகிதத்துல பிடிச்சேன்."

"இதுல என்னத்தக் கலந்தே?" என்று பிடுங்கித் தேயிலைக்குள் வீசினாள் ரேணுகா. எல்லார் முன்னாலும்தான்.

நாலாம் நாள் லீவு போட்டுத் தானே எடுத்து, மூன்று டப்பாவையும் கொண்டுபோனாள். ஜாபேஸ் ஒவ்வொன்றையும் துணியில் முடிந்து வெதுவெதுப்பான தண்ணீரில் ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டார். மறுநாள் நாயோடு போனபோது மைக்ராஸ்கோப்பைக் காட்டி, "பாருங்க" என்றார். நூல் துண்டு மாதிரி ஒன்று நெளிந்தது.

"நுரையீரல் புழுக்குஞ்சுங்க. உசிரோட இருக்கறதால தண்ணிக்கு நீந்தி வந்துருச்சு. விஷமெல்லாம் இல்லீங்க. முதல் ரெண்டு டப்பாவுல ஒண்ணுமில்லை, நாலாம் நாளுதுலதான் வந்திருக்கு. அது தினமும் வெளிய வராது, அதுக்குத்தான் மூணு நாள் கேட்டேன். மூணாம் நாளுது எங்கீங்க?"

"நான்தான் தூக்கி எறிஞ்சிட்டேங்க" என்றாள் ரேணுகா. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"ஒரு நாள் முந்தியே மருந்து ஆரம்பிச்சிருக்கலாம். பரவாயில்ல, பொழச்சுக்கும்."

அந்தப் 'பரவாயில்ல' அவளைச் செருப்பால் அடித்தது. பஸ்ஸில் நாயை மடியில் போட்டுக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வந்தாள். வந்ததும் ஒரு குடம் தண்ணீரும் ஒரு சொம்பு மோருமாய்க் கல்லைக் கழுவினாள். காய்ந்த மிளகாய் விரலை எரித்தது. நேரே மூக்கம்மா வாசலுக்குப் போனாள்.

"அக்கா, அது புழுவாம். நீ வைக்கலை. என்னை மன்னிச்சிரு."

"நாய் பொழச்சுக்குமா?"

"பொழச்சுக்கும்னு சொன்னாருக்கா."

"நல்லது." மூக்கம்மா எழுந்து கதவைப் பிடித்துக்கொண்டாள். "அஞ்சு நாளா என் கையால ஒரு முட்டை வாங்க ஆளில்லை. விஷக்காரி முட்டையாம். எங்கிட்ட எதுக்குச் சொல்றே? நான் வைக்கலைன்னு எனக்குத் தெரியும். தெரியாதவங்க கிட்டப் போய்ச் சொல்லு."

கதவு சாத்திக்கொண்டது.

லயத்தில் பதினெட்டு வீடு. ரேணுகா முதல் கதவைத் தட்டினாள். ஜீவிதா எட்டிப் பார்த்தாள்.

"மூக்கம்மாக்கா விஷம் வைக்கலை. நான்தான் அபாண்டமாச் சொல்லிட்டேன்."

"அட, எனக்கு அப்பவே தெரியுமே" என்றாள் ஜீவிதா.

அப்புறம் ஏன்டி முட்டை வாங்கலை என்று வாய்வரை வந்துவிட்டது. அதைக் கேட்கத் தனக்கு என்ன யோக்கியதை என்று விழுங்கிக்கொண்டு, ரேணுகா அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.