இரண்டு பக்கமும் துடித்த கண்கள்

கோமதியம்மன் கோவிலில் கொடியேறிய நாலாம் நாள் காலை, ஆடிச்சுற்று சுற்றிக்கொண்டிருந்த சீனியம்மாள் அறுபத்து மூன்றாவது சுற்றில் பிரகாரத்திலேயே சாய்ந்துவிட்டாள். நூற்றெட்டுச் சுற்று நேர்ச்சை. அவள் புருஷன் பெத்துராஜ் மேலநீலிதநல்லூர்ப் பக்கம் கிடை ஆடு வைத்திருப்பவன். ஒரு மாட்டுவண்டி பிடித்து அவளைச் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தான்.

“சுத்துனா தலை சுத்தத்தானம்மா செய்யும்?” என்று எலுமிச்சம்பழம் பிழிந்தார் கம்பவுண்டர் சுலைமான். காலையிலிருந்து அப்படி மூன்று பேர் வந்து, சாறு குடித்து, எழுந்து போயிருந்தார்கள்.

டாக்டர் ஞானபூரணத்துக்கு அந்தப் பதில் போதவில்லை. சங்கரன்கோவிலுக்கு மாற்றலாகி வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு கேள்வி மனசில் விழுந்துவிட்டால் அதைக் கீழே வைக்கத் தெரியாதவள் அவள். தட்டாமாலை சுற்றி விழுகிற பிள்ளைக்கு நாலு மூச்சில் தலை நின்றுவிடும். இவளோ அத்தனை பெரிய பிரகாரத்தில் நேராக நடந்தவள். விழுந்து இரண்டு மணி நேரமாகியும் கட்டில் கம்பியை விடாமல் பிடித்திருந்தாள்.

“காதுல இரைச்சல் கேக்கா? காது மந்தமா இருக்கா?”

“இல்லம்மா. கட்டிலோட சேத்து ஊரே சுத்துது.”

டாக்டர் தன் விரலை அவள் முகத்துக்கு நேரே பிடித்தாள். “தலையத் திருப்பாம விரல மட்டும் பாரு.”

விரல் வலப்பக்கம் போனதும் சீனியம்மாளின் கண்மணிகள் வலப்பக்கமாகத் துடித்தன. இடப்பக்கம் போனதும் இடப்பக்கமாகத் துடித்தன. மேலே பார்க்கச் சொன்னால் மேல்நோக்கித் துடித்தன. ஞானபூரணம் மறுபடியும் ஒருமுறை செய்து பார்த்தாள். காதுக்குள் கோளாறு என்றால் கண் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே திசையில்தான் துடிக்கும். இப்படிப் பார்க்கிற பக்கமெல்லாம் துடித்தால் கோளாறு மூளைக்குள்.

மூக்கைத் தொடச் சொன்னாள். வலது விரல் கன்னத்தில் போய் இடித்தது. இடது விரலும் அப்படியே. எழுப்பி நிறுத்தியபோது கள் குடித்தவள்போலக் காலை அகட்டித் தள்ளாடினாள்.

“பின்மண்டைக்குள்ள சிறுமூளைன்னு ஒண்ணு இருக்கு. நம்மள நிதானமா நிறுத்துறது அதுதான். அது தடுமாறுது” என்றாள் டாக்டர்.

பெத்துராஜின் முகம் வெளிறிப்போனது. “பொழச்சுக்கிடுவாளாம்மா?”

டாக்டர் மனசுக்குள் ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தாள். ரத்தக்குழாய் அடைத்திருக்குமோ என்றால், வயது இருபத்து நாலு. ரத்த அழுத்தமும் சரியாக இருந்தது. காய்ச்சல் இல்லை. அடைப்போ கட்டியோ பெரும்பாலும் ஒரு பக்கத்தைத்தான் பிடிக்கும். இவளுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோலக் கெட்டிருந்தது. ரத்தத்தோடு கலந்து எல்லா இடத்துக்கும் போன ஏதோ ஒன்று.

“சாராயம்…” என்று தொடங்கினாள்.

“ஐயோ, அவ விரதம் இருக்கால்லா!” என்று பதறினான் பெத்துராஜ்.

நாக்கைப் பார்க்க வாயைத் திறக்கச் சொன்னபோதுதான் அது கண்ணில் பட்டது. ஈறுகள் தடித்து, பல்லில் பாதிவரை மேலேறி வளர்ந்திருந்தன. வலிப்பு மாத்திரை ஒன்று ஈறை இப்படி வளர்க்கும் என்று அவள் படித்திருந்தாள். ஞானபூரணம் சுலைமானை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

“சீனியம்மா, வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுதியா?”

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பெத்துராஜ் மடியிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்து நீட்டினான். போன வருஷம் அறுப்புக் களத்தில் அவளுக்கு வலிப்பு வந்தது. அதற்குத்தான் மதுரையில் காட்டி மாத்திரை, அதற்குத்தான் நேர்ச்சையும். காலையில் ஒன்று, படுக்கும்போது ஒன்று. ஆடி முதல் தேதி நூறு மாத்திரை புதிதாக வாங்கி, அன்றைக்கே தொடங்கியது. இன்று பதினொன்று, காலை மாத்திரை இன்னும் போடவில்லை.

டாக்டர் மாத்திரைகளை மேசையில் கொட்டி எண்ணினாள். எண்பது இருக்க வேண்டிய இடத்தில் அறுபதுதான் இருந்தது.

சீனியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். “நாந்தான்மா. அத்தன சனத்துக்கு நடுவுல வாயில நுரை தள்ளி விழுந்துட்டா என்ன செய்ய? அதான் ராத்திரி ஒண்ணு கூடப் போட்டுக்கிட்டேன். அவுகளுக்குத் தெரியாது.”

“பத்து நாளைக்குப் பத்து. இன்னும் பத்து எங்க?”

“எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா ஒண்ணுதான்.”

பெத்துராஜ் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். துடைத்த முகத்தைத் துண்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு பேசினான். “கோவில்ல வலிப்பு வந்துரக் கூடாதேன்னு தினம் சாயங்காலம் கருப்பட்டிக் காப்பியில நான் ஒண்ணு பொடிச்சுப் போட்டேன். சொன்னா பயந்துருவாளேன்னு சொல்லல.”

சீனியம்மாள் கண்ணைத் திறந்தாள். அவன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்று பார்க்கக்கூட அவளுக்குத் தலை நிற்கவில்லை. “அதான் காப்பி கசந்துச்சா? நான் கருப்பட்டியத்தான வஞ்சேன்” என்றாள்.

ஞானபூரணத்துக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். வலிப்பை அடக்குகிற மருந்தே அளவு மீறினால் சிறுமூளையைத் தள்ளாடவைக்கும். ஆனால் ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு திரும்பிவிடும். அன்றைக்கு ஒருநாள் மட்டும் மாத்திரை வேண்டாம், மறுநாளிலிருந்து பழைய இரண்டுதான் என்று எழுதினாள். மதுரை டாக்டருக்கும் ஒரு கடிதம் போட்டாள். விரதத்தை விட்டுவிட்டுக் கஞ்சி குடிக்க வேண்டும், துணையில்லாமல் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்றாள். புட்டி டாக்டரின் மேசை டிராயருக்குள் போனது.

“மிச்சச் சுத்த நான் சுத்தட்டுமாம்மா?” என்று கேட்டான் பெத்துராஜ்.

“அத அம்மன்கிட்ட கேளுங்க” என்றாள் டாக்டர். அன்று சாயங்காலமே அவன் போய் மிச்சம் நாற்பத்தாறையும் சுற்றிவிட்டு வந்தான்.

தினமும் காலையில் டாக்டர் தன் விரலை நீட்டிச் சீனியம்மாளின் கண்களைப் பார்த்தாள். மூன்றாம் நாள் மேல்நோக்கிய துடிப்பு நின்றது. ஐந்தாம் நாள் விரல் மூக்கைச் சரியாகத் தொட்டது. ஒன்பதாம் நாள் சீனியம்மாள் ஆஸ்பத்திரி வாசல்வரை பிடிமானமில்லாமல் நடந்து காட்டினாள்.

புறப்படும்போது பெத்துராஜ் தயங்கி நின்றான். “டாக்டரம்மா, ஒரு சந்தேகம். எங்க கிடையில சில ஆடு, தலையைச் சாய்ச்சுக்கிட்டு ஒரே வட்டமாச் சுத்திச் சுத்தி வரும். அதுக்கும் இந்தச் சிறுமூளைதானா?”

ஞானபூரணம் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினாள். ஆட்டைப் பற்றி அவள் படித்ததில்லை.

“எனக்குத் தெரியலையே. உக்காருங்க, உக்காருங்க” என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். “ஒரே பக்கமாவா சுத்தும்? எந்தப் பக்கம்?”