ஈரலுக்கில்லாத மாத்திரை

தொண்ணூற்று நாலில் என் அண்ணன் ஈசாக்கின் ஈரல் கெட்டது. ரப்பர் வெட்டிக் கிடைத்த கூலியில் பாதியைச் சாராயத்துக்குக் கொடுத்தால் வேறென்ன ஆகும்? வயிறு வீங்கி, கண் மஞ்சளாகிக் கிடந்தான். எழுந்து நின்றாலே தலைசுற்றி விழுவான்.

நெய்யாற்றின்கரையில் டாக்டர் சொன்னார்: "ஈரல் கெட்டா அதோட நிக்காது. கிட்னிக்கு மேல சின்னதா ஒரு சுரப்பி உண்டு. அதும் தளர்ந்து போச்சு. பிரஷர் நிக்காததுக்கு அதாக்கும் காரணம். இந்த மாத்திரை அதுக்க வேலையைச் செய்யும். ஒரு நாளும் நிறுத்தப்பிடாது."

எனக்கு எரிச்சல். நோய் ஓரிடம், மருந்து வேறிடமா? ஆனாலும் பத்தே நாளில் அண்ணன் முற்றத்தில் நடந்தான், கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தான். கண்ணில் மஞ்சள் மட்டும் போகவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை.

ஒற்றசேகரமங்கலம் போய் ஒரு வைத்தியரிடம் ஏழு நாள் பச்சிலை மருந்து வாங்கி வந்தேன். மஞ்சப்பித்தத்துக்கான அந்தப் பத்தியம் தெரியாத வீடு எங்கள் குன்னத்துகாலில் கிடையாது. உப்பில்லை, எண்ணெயில்லை, இங்கிலீஷ் மருந்தைத் தொடவே கூடாது.

"தம்பி, டாக்டர் நிறுத்தப்பிடாதுன்னு சொன்னாரே" என்றாள் அண்ணன் மனைவி ரத்னபாய்.

"அது ஈரலுக்கு உள்ள மாத்திரை இல்ல மயினி. ஏழு நாள் விட்டா ஒண்ணும் ஆவாது. நானாக்கும் சொல்லுதேன்."

மூன்றாம் நாள் வாந்தி. பித்தம் வெளியே போகிறது என்று சந்தோஷப்பட்டேன், முட்டாள். நாலாம் நாள் காலை அவன் உடம்பெல்லாம் சில்லென்று வியர்த்திருந்தது. "எலே, கண்ணு தெரியல்ல" என்றான். ஜீப் பிடித்துக் கொண்டுபோனோம். நரம்பில் ஊசி போட்டார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். பிரஷர் ஏறவே இல்லை. பதினொரு மணிக்கு முடிந்துவிட்டது.

டாக்டர் வெளியே வந்தார். "மாத்திரையை ஆரு நிறுத்தினது?"

நான் வாயைத் திறக்குமுன் மயினி சொன்னாள்: "நானாக்கும் டாக்டரே."

புருஷனை நீயே கொன்றாய் என்று அவர் கத்தினார். பதினாலு வயது மகள் சுமி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மயினி தலை நிமிரவில்லை. எதற்கெடுத்தாலும் சண்டைக்குப் போகிற நான் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. பயம். வெட்கம். அதன் பிறகும் பேசவில்லை.

சுமி இப்போது கல்யாணமாகி மார்த்தாண்டத்தில் இருக்கிறாள். கிறிஸ்துமஸ் தோறும் "சித்தப்பா" என்று கேக்கோடு என் வீட்டுக்கு வருகிறாள். அடுத்த வீடுதான் அவள் அம்மா வீடு. அங்கே போவதில்லை.