அரை சென்டிமீட்டர்

முதுகில் ராகிப் பையோடு மோகனப்ரியா அடுத்த படிக்குத் தாவினாள். மற்றவர்கள் பேசிக்கொண்டே ஏறும் சாமுண்டி மலைப் படி, அவளுக்கு முழங்கால் உயரம்.

"பேகா, பேகா," என்று மேல்படியிலிருந்து கன்னடம் கலந்து விரட்டினாள் வினிதா. மைசூர் அக்ரஹாரத்தில் இருவருக்கும் ஒரே வாடகை அறை. ஆட்டத்துக்குப் பயிற்சித் துணையும் அவள்தான். "இப்ப நின்னா ஏறினதெல்லாம் வேஸ்ட் கணே. பதினொரு மணிக்கு அளக்குறாங்க."

"நிக்கலடி. மூச்சு விடறேன்."

"மூச்சை அப்புறமா விட்டுக்கலாம். ஊர்ல எல்லாரும் உயரமாகணும்னு கம்பியில தொங்குறாங்க. நீ ஒருத்திதான் இன்னும் குள்ளமாகணும்னு மலை ஏறுற."

சிரிக்கத் தெம்பில்லை. மோகனப்ரியா அடுத்த படிக்குத் தாவினாள்.

குள்ளமானவர்களுக்கான பாட்மின்டன் பிரிவில் பெண்களுக்கு வரம்பு நூற்று முப்பத்தேழு சென்டிமீட்டர். அதற்கு மேல் ஒரு நூல் கூடினாலும் பிரிவு கிடையாது. அப்புறம் ஐந்தரை அடிப் பெண்களோடுதான் மோத வேண்டும். அடுத்த மாதம் தாய்லாந்தில் போட்டி. இந்திய அணியில் அவள் பெயர் வந்துவிட்டது. வந்த மறுவாரமே யாரோ புகார் எழுதிப் போட்டார்கள்: 'இந்தப் பெண் உயரம் கூடுதல். மறுபடி அளக்க வேண்டும்.'

யார் என்று தெரியவில்லை. பாட்மின்டன் சங்கத்தில் பெயரைச் சொல்லவும் இல்லை.

பின்னால் செருப்பைக் கையில் பிடித்தபடி மூச்சிரைக்க ஏறி வந்தாள் வள்ளியாத்தாள். மகளுக்குத் துணையாக இருக்கிறேன் என்று கொள்ளேகாலிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கியவள். வந்ததிலிருந்து அவள் கண் அந்தப் பையின் மேலேயே இருந்தது.

"ஏனம்மிணி வினிதா, இப்படிச் சொமந்தா ஆளு கொறைவாளா?"

"கொறையும் ஆன்ட்டி. ராத்திரி படுத்துத் தூங்கினா முதுகெலும்பு நடுவுல இருக்கிற ஜவ்வு ஊறி, காலையில எல்லாருமே கொஞ்சம் உயரம்தான். நடக்க நடக்க, சுமக்கச் சுமக்க அமுங்கிடும். இவளை இதுவரைக்கும் மேட்ச் முடிஞ்சு சாயங்காலமாதான் அளந்திருக்காங்க. அதனால தப்பிச்சா."

"காலைல எந்திரிச்ச ஒடனே அளந்தா?"

"இன்னிக்கு ரூம்ல அளந்தோம். நூத்தி முப்பத்தேழரை. அந்த அரைதான் எமன். சரி, நான் போய்த் தண்ணி வாங்குறேன். இவளை நிக்க விடாதீங்க."

வினிதா இரண்டிரண்டு படிகளாகத் தாவி மறைந்தாள். அவள் தலை மறைந்ததும் வள்ளியாத்தாள் பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள்.

"எறக்கி வெய்யி கண்ணு."

"விடும்மா."

"டாக்டரு என்ன சொன்னாரு? தண்டுவடம் போற வழியே சுருங்கிக் கெடக்குது, குதிக்காத, சொமக்காத, இன்னும் வெளையாண்டா காலு ரெண்டும் உளுந்துரும்னு படத்தக் காட்டிச் சொன்னாரா இல்லியா?"

"மெதுவாப் பேசும்மா. அவளுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும். நீ எடது கால எங்க வெக்கிறேன்னு கீழ பாத்துப் பாத்து வெக்கிற. எனக்குத் தெரியலையாக்கும்?"

உண்மைதான். இடது பாதம் கொஞ்ச நாளாகவே பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. கல் தொட்டதா இல்லையா என்று கண்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"ஸ்கேன் விசயம் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு என்ற தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணியிருக்க," என்றாள் மோகனப்ரியா. "ஞாபகம் இருக்கட்டும்."

ஆஸ்பத்திரி வாசலில், ஆட்டோக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தபோது, மகள் தாயின் கையை இழுத்துத் தன் உச்சந்தலையில் வைத்து வாங்கிய சத்தியம் அது. மீறினால் பலன் யார் தலையில் விழும் என்பதில் வள்ளியாத்தாளுக்குச் சந்தேகமே இல்லை. வீட்டில் புருஷனிடம்கூட அவள் மூச்சு விடவில்லை.

"ஊருக்கு வந்துரு சாமி. நம்ம கடைல உக்காந்துக்க. நான் பாத்துக்கறேன்."

"ஊருக்கு வந்து? பஸ் ஸ்டாண்டுல எறங்குனாலே ஒருத்தன் போனத் தூக்கிப் படம் புடிக்கிறான். கல்யாணத்துக்குப் போனா கொழந்தைகளோட நிக்க வெக்கிறாங்க. கோர்ட்டுல நிக்கையில மட்டுந்தான் எவளும் என்னைய நேருக்கு நேரா பாத்துப் பயப்படுறா. அத உட்டுட்டு வரச் சொல்றயா?"

வார் கையை விட்டு நழுவியது. மோகனப்ரியா ஏறினாள்.

இறங்கி வந்து ஆட்டோ பிடித்தபோதும் பையைக் கழற்றவில்லை. உட்காரவும் இல்லை. முன் கம்பியைப் பிடித்து நின்றே வந்தாள். ஆட்டோவுக்குள் தலை இடிக்காமல் நிற்கக்கூடிய ஆள் இவள் ஒருத்திதான் என்று வினிதா சொன்னாள். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துப் பள்ளத்தில் விட்டார். ஒவ்வொரு குலுக்கலுக்கும் முதுகில் மின்சாரம் மாதிரி ஒன்று இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டாள். அம்மா பார்க்கிறாள் என்பது தெரிந்தும் திரும்பவில்லை.

ஸ்டேடிய வராந்தாவில் ப்ரார்த்தனா நின்றிருந்தாள். ஹாசன்காரி. போன மாதம் இறுதி ஆட்டத்தில் மோகனப்ரியாவிடம் தோற்றவள். இவள் விலகினால் அணியில் அடுத்த இடம் அவளுக்கு.

"வந்துட்டா பாரு, கண்குளிரப் பாக்க," என்று வினிதா சத்தமாகவே சொன்னாள்.

"என்னையும்தான் இன்னிக்கு அளக்கக் கூப்பிட்டிருக்காங்க," என்றாள் ப்ரார்த்தனா கன்னடத்தில். "அவளை நெட்டுக்கு எதிர்ல நின்னு ஜெயிச்சுக்குவேன். ஸ்கேல் வச்சு இல்ல."

"ஓஹோ. நம்பிட்டோம்."

கதவு திறந்தது. அளக்கும் அதிகாரி பராசரன், மெல்லிய நாமமும் கழுத்தில் அடையாள அட்டையுமாக எட்டிப் பார்த்தார். "மோகனப்ரியா, உள்ள வாம்மா. கூட வந்தவாளும் வரலாம். எல்லாரும் பாக்கட்டும். அப்புறம் பேச்சு வேண்டாம்."

பையை இறக்கினாள். சுவரோடு பொருத்திய அளவுகோல். வெறுங்காலோடு பலகையில் ஏறினாள். பின்னலை அவிழ்க்கச் சொன்னார். குதிகால், இடுப்பு, பின்தலை மூன்றும் சுவரைத் தொட வேண்டும். தலைக்கு மேல் கட்டை இறங்கி வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பக் கூடாது, மூச்சைத் தளர்த்தக் கூடாது. ஓரடி அகலப் பலகையில் அவளுடைய உலகம் முடிந்துபோயிருந்தது.

கட்டை உச்சந்தலையைத் தொட்டது. பராசரன் குனிந்து பார்த்தார். கட்டையை உயர்த்தி மறுபடி இறக்கினார். மூன்றாவது முறையும் இறக்கினார்.

"நூத்தி முப்பத்தாறு புள்ளி ஒம்பது. மூணு தடவையும் அதே."

வினிதா அவளைத் தூக்கப் போனாள். பராசரன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இருங்கோ. ஒரு விதி பாக்கி இருக்கு. புகார் பண்ணினவா யாருன்னு நான் சொல்லக் கூடாது. ஆனா இங்க இருந்தா, அவாளே எழுந்து மறு அளவு கேக்கலாம். அப்படிக் கேட்டா, பொண்ண ராத்திரி இங்கேயே தங்க வச்சு, காலம்பர கண் முழிச்ச உடனே அளப்போம். அதுதான் கடைசி. யாரும் கேக்கலேன்னா இன்னிக்கு வந்ததே நிக்கும்."

காலையில் எழுந்தவுடன் அளந்தால் அந்த அரை மறுபடி வந்து நிற்கும். மோகனப்ரியா மனசுக்குள் கணக்குப் போட்டாள். ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருக்க முடியுமா? தூங்க வைத்துப் பக்கத்தில் ஆள் நிற்குமே?

வினிதாவின் பார்வை ப்ரார்த்தனாவைக் குத்தியது. பராசரனும் அவளைத்தான் பார்த்தார்.

ப்ரார்த்தனா இரண்டு கைகளையும் விரித்தாள். "நானில்ல. என்ன எல்லாரும் என்னையே பாக்குறீங்க?"

"யாரும் இல்லியா?" பராசரன் பேனாவின் மூடியைக் கழற்றினார். "அப்ப நான் கையெழுத்துப் போடறேன்."

மோகனப்ரியா மூச்சை விட்டாள். காலையிலிருந்து விட்ட முதல் முழு மூச்சு. பலகையிலிருந்து இறங்க இடது காலை நீட்டினாள். தரை எங்கே என்று தெரியவில்லை. தடுமாறிச் சுவரைப் பிடித்தாள்.

பெஞ்சு கிரீச்சிட்டது.

"போடாதீங்க சாமி." வள்ளியாத்தாள் எழுந்து நின்றிருந்தாள். மகள் பக்கம் திரும்பவில்லை. "புகாரு எழுதிப் போட்டது நாந்தானுங்க. நாளைக்கிக் காலைல அளங்க. படுக்கைய உட்டு எந்திரிச்ச ஒடனே."