எத்தனை விசில்

துவைத்துப் பிழிந்த படுக்கைவிரிப்புகள் தள்ளுவண்டிகளில் மலையாகக் குவிந்து வந்து நின்றன. ஆஸ்பத்திரிக்கு உரியவை ஒரு வண்டி, தங்கும் விடுதிகளுக்கு உரியவை இரண்டு. விரிப்பை உலர்த்தித் தேய்க்கும் சூட்டு உருளைகள் நான்கும் சுழன்றுகொண்டிருந்தன. ஒவ்வோர் உருளைக்கும் இரண்டு பெண்கள். ஒருத்தி ஈர விரிப்பின் ஓரத்தை இழுத்துப் பிடித்து உள்ளே கொடுப்பாள். மற்றவள் அந்தப் பக்கம் சுடச்சுட வெளியே வருவதை வாங்கி மடிப்பாள். நீராவியில் சுவரெல்லாம் ஈரம் வழிந்தது.

எட்டு நாளாக அந்தச் சலவைக் கூடத்தில் யாரும் கத்தவில்லை. அங்கே கத்துகிறவர் ஒருவர்தான், மேற்பார்வையாளர். அவர் வாயைத் திறப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தார். கறையோடு மடித்து வைத்த விரிப்பைக் கண்டாலும் எடுத்துத் திரும்ப வண்டியில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். போன வருடம் நிறுவனம் அவரைக் கோபத்தை அடக்கும் பயிற்சிக்கு இரண்டு நாள் அனுப்பியிருந்தது. மூச்சை இழுத்துப் பத்து வரை எண்ணச் சொன்னார்கள். அன்றைக்குச் சிரித்துவிட்டு வந்தவர், இப்போது நாள் முழுக்க எண்ணிக்கொண்டிருந்தார். ஆனால் அவர் பக்கத்தில் வந்தால் பெண்கள் முன்னைவிட அதிகமாகப் பயந்து ஒதுங்கினார்கள். துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், "விசில் வராத குக்கர்தான் வெடிக்கும்" என்றது. இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

அவர் சட்டைப்பையில் விபத்து அறிக்கை இருந்தது. ஒரே ஒரு கேள்வியைத் தவிர எல்லாவற்றையும் நிரப்பிவிட்டார். இயந்திரத்தில் இருந்த கோளாறை ஊழியர் மேற்பார்வையாளரிடம் தெரிவித்தாரா? ஆம், இல்லை. இரண்டுக்கும் எதிரே காலிக் கட்டம்.

எட்டு நாளைக்கு முன் இரண்டாம் உருளையில் வாயாடியின் கை மாட்டிக்கொண்டது. அவளை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கல்லைக்கூடப் பேச வைத்துவிடுவாள், உருளைகளின் இரைச்சலையும் மீறி அவள் பேச்சு கேட்கும். உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு; விரல் பட்டாலே போதும், சுழற்சி நின்றுவிட வேண்டும். வலது கை உள்ளே போனதும் அவள் இடது கையால் கம்பியை அழுத்தினாள். நிற்கவில்லை. மறுபக்கம் மடித்துக்கொண்டிருந்தவள் ஓடிப்போய்ச் சுவரிலிருந்த பெரிய சுவிட்சை அணைத்தபோது மணிக்கட்டுவரை வெந்துபோயிருந்தது. அந்தக் கை இனி மூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கம்பி அதற்கு முந்தின மூன்று நாளாகவே பிடிக்கவில்லையாம். இது கூடத்தில் எல்லோருக்கும் தெரியும், அவர் ஒருவருக்கு மட்டும் தெரியாது. ஊரெல்லாம் பேசுகிறவள் தன்னிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதுதான் அவருக்கு விளங்கவே இல்லை.

தேநீர் இடைவேளையில், அன்று மறுபக்கம் மடித்தவள் மட்டும் இரண்டாம் உருளைப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவர் அவளிடம் போய்க் கேட்டார். அவள் முதலில் அவர் முகத்தைத்தான் பார்த்தாள், பிறகு தம்ளரைக் கீழே வைத்தாள்.

"கோவப்படாம கேப்பீங்களா சார்?"

"கேக்கறேன். சொல்லும்மா."

"உங்களுக்கு இங்க குக்கர்னு பேரு."

அவர் பத்து வரை எண்ணத் தொடங்கி மூன்றிலேயே நிறுத்திவிட்டார். எண்ணுவதற்குக் கோபமே வரவில்லை.

அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். காலையில் அவர் வாசலுக்குள் நுழையும்போது காவலாளி அவர் முகத்தைப் பார்த்து எத்தனை விசில் என்று சொல்லிவிடுவாராம். அவர் பையை மாட்டுவதற்குள் கூடம் முழுக்கச் செய்தி பரவிவிடும். ஒரு விசில் என்றால் போய் லீவு கேட்கலாம். இரண்டு என்றால் தலையைக் குனிந்துகொண்டு வேலையைப் பார்க்க வேண்டும். மூன்று என்றால் வீடு பற்றி எரிந்தாலும் அவரிடம் போகக்கூடாது.

"அந்த மூணு நாளும் மூணு விசில் சார். கடைசி நாள் அவ உங்க ரூம் வரைக்கும் வந்துட்டா. கதவைத் தட்ட கையத் தூக்கிட்டா. நான்தான் ஓடிப்போய் இழுத்துட்டு வந்தேன். இன்னிக்கு வேண்டாம்டி, நாளைக்குச் சொல்லிக்கலாம்னு நான்தான் சொன்னேன்." அவள் அழவில்லை. மடிப்பதற்கு ஒன்றும் இல்லாததால் தன் முந்தானையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

அந்த மூன்று நாளும் என்ன கோபம் என்று யோசித்துப் பார்த்தார். முதல் இரண்டு நாளுக்கும் காரணமே நினைவுக்கு வரவில்லை. மூன்றாம் நாள் சட்டையில் ஒரு பொத்தான் போயிருந்தது. அதற்காக மனைவியிடம் சண்டை பிடித்து, முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க வேலைக்கு வந்திருந்தார். பொத்தானுக்காக ஒரு கை போயிற்றே என்று நினைத்தார்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. உலர்த்தும் இயந்திரத்தில் கருகல் வாசம் வருகிறதென்று சொல்ல வந்த ஆளை நாலு பேர் முன்னால் நிறுத்தி, "ஒடைக்கறதும் நீங்க, ஒடைஞ்சுதுன்னு வந்து நிக்கறதும் நீங்களா?" என்று கேட்டிருந்தார். அதற்கப்புறம் எதுவும் பழுது என்று யாரும் வந்ததில்லை. தான் கூடத்தை ஒழுங்காக நடத்துவதால்தான் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார். கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்று அடிக்கடி சொல்லிக்கொள்வார். கத்திவிட்டு மறந்துவிடுகிறவன், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதவன் என்பது அவருக்கு அவரே கொடுத்துக்கொண்ட நற்சான்று. கத்தல் வாங்கியவர்கள் மனதில் வைத்துக்கொண்டதைப் பற்றி அவர் யோசித்ததே இல்லை.

மாலையில் மேலாளர் கூப்பிட்டார். அந்த மனிதர் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. பழுது பார்ப்பவரைப் போன வருடம் வேலையை விட்டு நிறுத்தியபோதுகூடத் தோளில் கைபோட்டு வாசல் வரை கொண்டுபோய் விட்டவர். இவரையும் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார், அறிக்கையை வாங்கிப் பார்த்தார்.

"ஒரு கட்டம் காலியா இருக்கே."

"அவ சொல்லலை சார். ஆனா சொல்ல வந்திருக்கா. என் கோபத்துக்குப் பயந்து திரும்பிப் போயிருக்கா."

"கோபத்துக்கு இதுல கட்டம் இல்லையே" என்றார் மேலாளர், சிரிக்காமல். பிறகு நிதானமாக விளக்கினார். ஆம் என்று போட்டால், மேற்பார்வையாளர் தெரிந்தே இயந்திரத்தை ஓடவிட்டார் என்று ஆகும். அவர் வேலை போகும், வழக்கும் வரலாம். இல்லை என்று போட்டால் ஊழியரின் கவனக்குறைவு. ஆஸ்பத்திரிச் செலவோடு முடிந்துவிடும், அவளுக்கு இழப்பீடு கிடையாது, வேலையும் கிடையாது. "நான் பொய் எழுதச் சொல்லலை. உண்மையைத்தான் எழுதச் சொல்றேன். அவ சொன்னாளா, இல்லையா?"

பொறியியல் படிக்கிற மகள் நினைவுக்கு வந்தாள். வாடகை வீடு நினைவுக்கு வந்தது. ஐம்பத்திரண்டு வயதில் யார் வேலை கொடுப்பார்கள் என்பதும் நினைவுக்கு வந்தது. கதவைத் தட்டத் தூக்கிய கையும் நினைவுக்கு வராமலில்லை. அவர் இல்லை என்ற கட்டத்தில் குறி போட்டார். அவளிடம் கையெழுத்து வாங்கி வரும் வேலையையும் அவரிடமே கொடுத்தார் மேலாளர்.

அவள் வீடு ஒரு நீண்ட சந்தின் கடைசியில் இருந்தது. சந்து முனையிலேயே அவள் குரல் கேட்டது. மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த கணவனுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தாள்: "மூணா பிரிங்க. மூணு. உங்களுக்குக் கயிறு திரிக்கத்தான் வரும் போல." சிறுமி சிரித்தாள், கணவனும் சிரித்தான். அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அவர் வாசலில் செருப்பைக் கழற்றிய சத்தத்துக்கு எல்லாப் பேச்சும் நின்றது. சிறுமி பாதிப் பின்னலோடு உள்ளறைக்கு ஓடினாள்.

வாயாடி எழுந்து நின்றாள். கட்டுப் போட்ட கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

உட்காரச் சொன்னதும் அவர் உட்கார்ந்தார். உடம்பு எப்படியிருக்கிறது என்று கேட்டார், தாளை எடுத்து மேசைமேல் வைத்தார், அந்தக் கேள்வியை மெதுவாகப் படித்தும் காட்டினார்.

"ஆமா சார், நான் சொல்லலையே. வாய் கிழியப் பேசறவ, இதைச் சொல்லாம விட்டுட்டேன். என் தப்புதான்." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "இதுல கையெழுத்துப் போட்டா ஏதாவது கிடைக்குமா சார்?"

ஒன்றும் கிடைக்காது, போடாதே என்ற வார்த்தைகள் அவர் நாக்கு நுனிவரை வந்தன. இத்தனை வருடத்தில் நாக்கு நுனிக்கு வந்த எதையும் அவர் அடக்கியதில்லை. இதை அடக்கினார். பத்து வரை எண்ண வேண்டிய அவசியம்கூட இல்லாமல் அடங்கிப்போயிற்று.

"மேல பாத்துச் சொல்லுவாங்க" என்றார்.

கணவன் பேனாவைத் திறந்து அவள் இடது கையில் கொடுத்துவிட்டு, தாள் நகராமல் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக இழுத்தாள். கடைசி எழுத்து கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கிவிட்டது. பேனாவை வைத்துவிட்டு அவள் தாளைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தாள்.

"கோணலா வந்துடுச்சு. கோவிச்சுக்காதீங்க சார். சரியா வர்ற வரைக்கும் வேணா திரும்பத் திரும்பப் போட்டுத் தர்றேன்."