சிவப்புப் பாய்

இராமலட்சுமிக்குப் பதினேழு வகைக் கைதட்டல் தெரியும். பூ மலரும் கைதட்டல், பட்டாசுக் கைதட்டல், ஒற்றை விரலில் ஆரம்பித்து ஐந்து விரலுக்கு வரும் சாரல் கைதட்டல். கடைசியது அவளே கண்டுபிடித்தது. தென்காசியில் பயிற்சிக்கு வரும் ஆசிரியர்களை, ஓய்வு பெற ஆறு மாதம் இருப்பவர்களைக்கூட, வட்டமாக உட்கார வைத்துத் தட்ட வைத்துவிடுவாள். ஒரு காலத்தில் அவளுக்கே அதில் சிரிப்பு வரும். இப்போது கை தட்டும், வாய் "அருமை, அருமை" என்னும், மனசு மட்டும் பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி மரத்துக் கிடக்கும். எப்போதிலிருந்து என்று கேட்டால் தெரியாது. வலித்தால்தானே தேதி ஞாபகம் இருக்கும்.

அவள் ஆசிரியர் பயிற்றுநர். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், புது முறையில் பாடம் நடக்கிறதா என்று பார்த்து, நடக்காத இடத்தில் தட்டிக்கொடுத்து நடக்க வைப்பது வேலை. புது முறை என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. மூன்றாம் வகுப்பு வரை பிள்ளைகள் மூன்று பாயில் உட்கார வேண்டும். சரளமாக வாசிக்கிறவர்களுக்குப் பச்சை, எழுத்துக்கூட்டுகிறவர்களுக்கு மஞ்சள், எழுத்தே பிடிபடாதவர்களுக்குச் சிவப்பு. டீச்சர் சிவப்புப் பாயில்தான் அதிக நேரம் உட்கார வேண்டும். நல்ல யோசனைதான். அதைக் குறை சொல்ல நாக்கு கூசும்.

ஆனால் ஆரம்பத்தில் பாதிப் பேர் பாயை விரிக்கவில்லை, விரித்தவர்களிடமும் சிவப்புப் பாயில் கூட்டம் குறையவில்லை. அதற்கு இராமலட்சுமி ஒரு காரியம் செய்தாள். இரண்டு வருடத்துக்கு முன்னால், ஆய்வுக் கூட்டத்தில், வேல்ராஜ் என்கிற ஆசிரியரின் வகுப்புப் படத்தைத் திரையில் போட்டாள். சிவப்புப் பாயில் பதினோரு பிள்ளைகள். "சாருக்கு எல்லாரும் ஒரு பூஜ்யம் கைதட்டல் குடுப்பமா?" என்றாள். இரண்டு கையையும் வீசிக்கொண்டு வந்து, தட்டாமல் நிறுத்திவிட்டால் அதுதான் பூஜ்யம் கைதட்டல். அறுபது பேரும் சிரித்துக்கொண்டே செய்தார்கள். வேல்ராஜும் சிரித்தார். மறுவாரம் அவருக்கு விளக்கம் கேட்டு மெமோ போயிற்று. இரண்டே மாதத்தில் வட்டாரம் முழுக்கப் பாய்கள் விரிந்தன, சிவப்புப் பாய்கள் காலியாயின. மாவட்டத்தில் அவளுக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். வீட்டில் ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது.

ஜூலையில் ஒரு வியாழக்கிழமை. கடையத்தில் ஒரு பயிற்சிக்குக் கிளம்பிப் பாதி வழி போனவளை அதிகாரி குமரகுரு போனில் பிடித்தார்.

"கடையம் கேன்சல் மேடம். நீங்க குத்துக்கல்வலசை ஸ்கூலுக்குப் போங்க. ஜைனப் டீச்சர் கிளாஸைத்தான் அடுத்த வாரம் மாதிரி வகுப்புன்னு வீடியோ எடுக்கப் போறோம். ரெண்டு வருசமா சிவப்புப் பாய் காலி. இன்னைக்கே ஆய்வுப் படிவத்தை அப்லோட் பண்ணிருங்க."

எந்தப் பள்ளிக்கும் முதல் நாளே போன் பண்ணி "நாளைக்கு வாரேன்" என்று சொல்வது அவள் வழக்கம். அன்றைக்கு அதற்கு நேரமில்லை. வண்டியைத் திருப்பினாள். மேற்கே மலையை மேகம் மூடியிருந்தது, தூறல் முகத்தில் அடித்தது. குற்றாலத்துக்குக் குளிக்கப் போகும் வேன்கள் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போயின.

பள்ளிக்கூட வாசலில் வேப்பமரத்தடியில் ஸ்கூட்டரை நிறுத்தினாள். சைலன்ஸர் ஓட்டையாகி மூன்று மாதம். சத்தம் தெருமுனை வரை கேட்கும். ஹெல்மெட்டைக் கழற்றக்கூட இல்லை, மூன்றாம் வகுப்பிலிருந்து நாலு பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு வரிசையாக வெளியே வந்தார்கள். முன்னால் ஒரு பெண்பிள்ளை, இரட்டைச் சடை. நாலு பேரும் ஓடவில்லை, பேசவில்லை. மைதானத்தைச் சுற்றிப் போய்ச் சத்துணவுச் சமையலறைக்குள் நுழைந்தார்கள். ஜன்னல் வழியாக ஜைனப்பின் முதுகு தெரிந்தது. அவள் பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள். யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை.

இராமலட்சுமி சமையலறைக்குப் போய் எட்டிப் பார்த்தாள். நாலு பேரும் சம்மணம் போட்டுப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க மேடம்," என்றாள் சமையல்கார ஞானபாக்கியம், சாதாரணமாக. "நீங்க வார அன்னைக்குத்தான் எனக்கு உதவிக்கு ஆள் கிடைக்கும்."

இராமலட்சுமி திரும்பி வந்தபோது ஜைனப் வகுப்பு வாசலில் நின்றாள். முப்பத்தைந்து வயது, புருஷன் ஷார்ஜாவில், காலையில் வீட்டில் இரண்டு பிள்ளைகளைக் கிளப்பிவிட்டுத்தான் வகுப்புப் பிள்ளைகளிடம் வருகிறவள். முகத்தில் பயம் இருக்கும் என்று இராமலட்சுமி நினைத்தாள். அலுப்புதான் இருந்தது.

"என்ன டீச்சர் இது?"

"முதல் தடவை மட்டும்தான் நான் சொன்னேன் மேடம். பொறவு நீங்க வாரீங்கன்னு தெரிஞ்சாலே அதுகளே முன்கூட்டிப் போயிருதுக. இன்னைக்குப் போன் வரலியா, அதான் சத்தம் கேட்டு எந்திரிச்சுதுக. உங்க வண்டிச் சத்தம் அதுகளுக்குப் பாடம்."

"அப்ப எனக்குக் காட்டினது எல்லாம் நாடகம்?"

"நீங்க வராத நாள்ல வந்து பாருங்க. அங்கன, அந்தப் பாயிலதான் நான் ரெண்டு மணி நேரம் உக்காந்திருக்கேன். நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியேதான். ரெண்டாங்கிளாஸ்ல இருந்தே இவங்க எங்கிட்டதான். ஒம்பது பேர் இருந்தாங்க, அஞ்சு பேரைத் தேத்திட்டேன். நாச்சியார்தான் இன்னும் தடுமாறுதா." சமையலறை வாசல் வழியாகத் தெரிந்த இரட்டைச் சடையைக் கண்ணால் காட்டினாள். "அடுத்த வருசம் நாலாங்கிளாஸ். அங்க பாயும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. இந்த வருசம் விட்டா அவளுக்கு விட்டதுதான். ஆனா நாலுன்னு எழுதுனா எனக்கு மெமோ வரும். வேல்ராஜ் சாரை நானும் பாத்தேன்லா. அன்னைக்கு நானும்தான் கையை வீசி நிறுத்தினேன்."

அழுகை வருமோ என்று இராமலட்சுமி ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். வரவில்லை. வட்டாரத்தில் எத்தனை சமையலறையில் எத்தனை பூண்டு உரிந்திருக்கும் என்று மட்டும் ஒரு கணக்கு மனசில் ஓடியது, பாதியில் நின்றது. கேடயத்தைத் துடைத்து நாளாயிற்று என்றும் ஒரு நினைப்பு வந்தது. சம்பந்தா சம்பந்தமில்லாமல்.

போனைத் திறந்தாள். படிவம் கேட்டது: சிவப்புப் பாயில் எத்தனை பேர்? நாலு என்று போட்டாள். ஜைனப் எட்டிப் பார்த்துவிட்டு மூச்சை இழுத்துக்கொண்டாள். காரணம் கேட்டது. ஆசிரியர் முறையைப் பின்பற்றவில்லை, பெற்றோர் ஒத்துழைப்பு இல்லை, மற்றவை. மற்றவையைத் தொட்டு, "ஆசிரியர் சரியாகத்தான் செய்கிறார். இவர்களை எழுந்து போகச் செய்தது என் வருகை" என்று தட்டினாள். அடுத்து, பாயில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் படம் கேட்டது.

சமையலறைக்குத் திரும்பிப் போய் நாச்சியார் பக்கத்தில் குந்தினாள்.

"நாச்சியார், வாம்மா. பாயில வந்து உக்காரு. ஒரு போட்டோ எடுத்துக்கிடுதேன்."

பிள்ளை தலையை ஆட்டியது.

"ஏன்? யாரும் ஏச மாட்டாங்க. டீச்சரும் ஏச மாட்டாங்க."

"நீங்க போங்க மேடம்," என்றாள் நாச்சியார். துடுக்காகச் சொல்லவில்லை. தெரியாத ஆளுக்கு வழி சொல்லுகிற மாதிரி, பொறுமையாகச் சொன்னாள். "நீங்க போன பொறவு உக்காருதேன்."

மற்ற மூன்று பேரும் ஆமாம் என்பதுபோல் பார்த்துவிட்டுப் பூண்டுக்குத் திரும்பினார்கள். இராமலட்சுமிக்கு நெஞ்சுக்குள் எங்கேயோ சுரீர் என்றது. மரத்த தாடையில் ஊசி மருந்தின் வேகம் குறைகிற நேரம் அப்படித்தான் இருக்கும். அவள் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளப் பார்த்தாள்.

காலிப் பாயைப் படம் எடுத்தாள். எண் நாலு, படத்தில் ஒருத்தரும் இல்லை. அப்படியே அனுப்பினாள். குமரகுரு கூப்பிடுவார். கூப்பிடட்டும்.

வண்டியை முடுக்கினாள். கிளம்பாமல் ஒரு நிமிஷம் நின்ற இடத்திலேயே ஆக்ஸிலேட்டரைத் திருகி, சமையலறை வரை கேட்கிற மாதிரி உறும விட்டாள். பிறகு மெதுவாகத் தெருவில் இறங்கினாள். திருப்பத்தில் கண்ணாடியில் பார்த்தாள். தூறலில் நாலு பேரும் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, இந்தத் தடவை ஓட்டமாக, வகுப்புக்குள் போனார்கள்.