காணாமல் போன நாற்பத்திரண்டாம் பதிவேடு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்.

காலத்தில் பின்னோக்கிப் போய், காணாமல் போன அரசு ஆவணங்களைப் பற்றித் துப்பறிவது என் உத்தியோகம். கால வண்டியை ஓட்டுவது அக்கா. இரத்த சொந்தமில்லை, ஆபீஸ் அக்கா. அன்றைய வழக்கு, முப்பது வருடத்துக்கு முன் ஆவணக் காப்பகத்திலிருந்து மறைந்த நாற்பத்திரண்டாம் நிலப் பதிவேடு. திருடி விற்றுவிட்டார் என்று காப்பாளரை வேலையைவிட்டே அனுப்பிவிட்டார்கள். இப்போது எழுபதைத் தாண்டிவிட்ட மனிதர், விடாமல் மனு போடுகிறார்.

"நான் திருடலைன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, அது போதும்" என்றார்.

"எல்லாத் திருடனும் இதைத்தான் சொல்றான்" என்றேன், முகத்துக்கு நேராக.

"உன் நாக்கு அழுகிப் போயிடும்டா!" என்று கத்திவிட்டுப் போனார்.

பதிவேடு தொலைந்த அந்த நாளுக்கே போனோம். மத்தியானம், காப்பகத்தில் ஈ காக்கை இல்லை. பதிவேடு அலமாரியில் இருந்தது. ஒளிந்து நின்று பார்த்திருந்தால் போதும். 'இதில் அப்படி என்னதான் இருக்கிறது' என்று கையில் எடுத்துப் புரட்டினேன். வாசலில் செருப்புச் சத்தம். பதறிப்போய் பதிவேட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு வண்டிக்கு ஓடினேன். அக்கா கிளப்பிவிட்டாள்.

இறங்கிய பிறகுதான் அவள் பையைப் பார்த்தாள். "அடப்பாவி, திருடன் நீதானாடா?"

ஒரு வழக்குக்கு ஒரே தடவைதான் கால வண்டியில் பின்னோக்கிப் போக முடியும். திரும்பப் போய் வைக்க வழியில்லை.

"பெரியவர்கிட்ட உண்மையைச் சொல்லிடு. வேலை போனா போகட்டும்" என்றாள்.

எனக்குத் துணிச்சல் வரவில்லை. வெட்கங்கெட்டவன், வேறென்ன சொல்ல? மறுநாள் காலை யாரும் வருமுன், பதிவேட்டைக் காப்பகத்து அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் செருகினேன். புதிது போல இருந்ததால் தூசியை வழித்து மேலே பூசினேன். பிறகு பெரியவரை வரவழைத்து, "நீங்களே ஒரு தடவை தேடிப் பாருங்க" என்றேன். அவர் பெயரும் சுத்தமாகும், என் வேலையும் தப்பும். பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு!

அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார். சந்தோஷத்தில் குதிப்பார் என்று பார்த்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இங்கயேதான் இருந்திருக்கு. நான்தான் ஒழுங்காத் தேடலை" என்றார். "அன்னிக்கு எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தது என் தம்பி. அவன்தான் எடுத்திருப்பான்னு நினைச்சேன். அப்புறம் அவனை வாசப்படி மிதிக்க விடலை. அவன் சாவுக்குக்கூடப் போகலை. ஐயோ, ஒரு பாவமும் அறியாதவனை..."

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பெரியவர் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "உங்களையும் கண்டபடி பேசிட்டேன். என்னை மன்னிச்சிடுங்க சார்."

"பரவாயில்லைங்க" என்றேன். "மன்னிச்சிட்டேன்."