ஏறுமிடம் லக்டிகாபூல்

லோத்குண்டா வந்ததும் ஜகதீசன் மறுபடி ஸ்கூட்டரை ஓரம் கட்டினார். செகந்திராபாத் பக்கத்துப் போலாரத்தில் வீட்டைப் பூட்டிக் கிளம்பியதிலிருந்து டயருக்குக் காற்று பிடித்தாயிற்று, பெட்ரோல் போட்டாயிற்று. இப்போது ஹெல்மெட்டைக் கழற்றி அதன் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். பின்னால் முதுகுப் பையோடு உட்கார்ந்திருந்த மனைவி கல்பகம் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அவள் லக்டிகாபூலில் பிடிக்க வேண்டியது கோகர்ணா பஸ். அங்கே இறங்கி, கடலோரமாகவே ஊர் ஊராக டவுன் பஸ் மாறி, முருடேஸ்வர், உடுப்பி என்று தன்னந்தனியாகப் போவதாகத் திட்டம். தங்குவதற்கு ஹாஸ்டல்கள். மாடிக் கட்டில் போட்ட அறைகளில், இருபது வயசுப் பிள்ளைகளோடு. நாற்பத்தைந்துக்கு மேல் சேர்ப்பதில்லை என்று இரண்டு இடங்களில் கையை விரித்தார்கள். ஐம்பத்து மூன்று என்றதும் சிரித்துக்கொண்டே 'வாங்க ஆன்ட்டி' என்ற இடங்களில் கீழ்க் கட்டிலாகப் பார்த்துச் சொல்லி வைத்திருந்தாள். ஒரு வருஷம் வாதாடி வாங்கிய ஒரு வார லீவு இது. இன்றைக்கு பஸ்ஸை விட்டால் இன்னொரு தடவை இந்த வீட்டில் இந்தப் பேச்சு எடுபடாது. அது இருவருக்குமே தெரியும்.

"வேணும்னுதான் மெதுவா ஓட்டறீங்களா?" என்று கேட்டாள்.

ஜகதீசன் கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஹவ்" என்றார்.

ஆமாம் என்று இவ்வளவு சாந்தமாகச் சொல்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"கைக்கு?" ஏன் என்று அவளும் அந்த ஊர் இந்தியிலேயே கேட்டாள்.

"நீ தனியாப் போறதுல எனக்கு இஷ்டம் இல்ல. சொன்னாச் சண்டை போடுவே. பஸ்ஸே போயிட்டா யார்கிட்ட சண்டை போடுவே?"

கல்பகம் இறங்கினாள். பின்னால் வந்த ஷேர் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தி, பையை முதலில் தள்ளிவிட்டுத் தானும் ஏறிக்கொண்டாள். "கல்பு, நில்லு, நான் விடறேன்" என்ற குரல் பின்னால் தேய்ந்தது.

பரேடு கிரவுண்டில் மெட்ரோ. படி ஏறும்போதே மூளை வேலை செய்யத் தொடங்கிவிட்டது. ராடார் கருவிகளைச் சோதிக்கும் பிரிவில் இத்தனை வருஷம் உட்கார்ந்தவளுக்கு, நகரும் பொருளைப் பிடிக்கும் கணக்கு புதிதல்ல. தனியார் பஸ் நேரே ஊரை விட்டு ஓடிவிடாது. மியாபூரில் தொடங்கி, குக்கட்பல்லி, அமீர்பேட் என்று ஆள் ஏற்றிக்கொண்டு, மாலை நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்துதான் லக்டிகாபூல் வரும். அந்தச் சாலைக்கு நேர் மேலே தூண்களின் மேல் ஓடுகிறது சிவப்புத் தடத்து மெட்ரோ. கீழே பஸ் நிற்கும் சிக்னல் எதுவும் மேலே ரயிலுக்குக் கிடையாது. ஆகவே அமீர்பேட்டில் வண்டி மாறிவிட்டால் துரத்த முடியும்.

அமீர்பேட்டில் மாறினாள். போனில் பஸ்ஸின் புள்ளி பஞ்சாகுட்டாவில் நின்றது. ஆனால் அது பஸ் இருக்கும் இடமல்ல, சற்றுமுன் இருந்த இடம். கருவி விட்டு விட்டுத்தான் செய்தி அனுப்பும். இடையில் பஸ் எவ்வளவும் போயிருக்கலாம். பஸ்காரருக்குப் போன் போட்டாள்.

"லக்டிகாபூல் தாண்டிட்டோம் மேடம்" என்றான் கிளீனர், தெலுங்கில், கொட்டாவியோடு. "வண்டி நிக்காது. கேன்சல்னு போட்டுக்கறேன்."

இடப் பக்கத்துக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக் கீழே பார்த்தாள். ஆட்டோக்கள், கார்கள், சிவப்பு விளக்குகளின் ஒரே ஓடை. கைரதாபாத் வளைவுக்குமுன் அந்த ஓடையில் சிக்கி நின்றது நீல நிற நீளமான பஸ். பக்கவாட்டில் அதே கம்பெனியின் பெயர், முன் கண்ணாடியில் கோகர்ணா.

"தம்பி, உன் பேரென்ன?"

"பூபாலன்... எதுக்கு மேடம்?"

தமிழ்ப் பெயர். கல்பகம் தமிழுக்கு மாறினாள். "பூபாலா, உன் தலைக்கு மேல மெட்ரோ போகுது பாரு, அதுல நான் இருக்கேன். உன் வண்டி கைரதாபாத் சிக்னல்ல நிக்குது. முன்னால ஒரு தண்ணி லாரி. தாண்டிட்டேன்னு சொன்ன வாயால இப்ப என்ன சொல்லப் போற?"

பூபாலன் டிரைவரிடம் ஏதோ கத்துவது கேட்டது. பிறகு, "வாங்கக்கா. சீக்கிரம் வாங்க."

லக்டிகாபூலில் அவள் படி இறங்கி மூச்சு வாங்கி நின்றபோது தண்ணீர் லாரி வந்தது. அதன் பின்னாலேயே பஸ் வந்தது. பூபாலன் அவள் முகத்தைப் பார்க்காமல் பையை வாங்கி வைத்தான்.

மெஹதிப்பட்டணம் தாண்டியபின் போன் அடித்தது.

"ஏறிட்டியா?" ஜகதீசன்.

"ஏறிட்டேன்."

"வீட்டு வாசல்ல நிக்கறேன். சாவி உங்கிட்ட இருக்கு."

பையின் பக்க ஜிப்பைத் திறந்தாள். இருந்தது. கதவைப் பூட்டுவது எப்போதும் அவள் வேலை. அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு நிற்பார். இன்னொரு சாவி பூனாவில் மகனிடம்.

"ஆராம்கர்ல நிக்கும்ல, இறங்கிடு. நான் வந்து கூட்டிட்டு வரேன்." அவர் குரலில் இப்போது தந்திரம் இல்லை, களைப்புதான் இருந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது. தந்திரமாக இருந்திருந்தால் போனை வைத்திருப்பாள். இரவு முழுக்க மனுஷன் வாசலில் நிற்பதா? பூட்டை உடைக்கச் சொல்லலாம். பூட்டை உடைக்க வைத்துவிட்டுப் போனவள் என்று ஆயுசுக்கும் பேச்சு நிற்கும்.

ஆராம்கரில் பஸ் நின்றது. ஓரத்தில் ஒரு வெள்ளை வேன். செகந்திராபாத் பக்கத்துப் பயணிகளைச் சேர்த்துக் கொண்டுவந்து பஸ்ஸில் ஏற்றிவிடும் வேன் அது. அவளும் அதிலேயே வந்திருக்கலாம், ஜகதீசன் நானே விடறேன் என்று அடம்பிடிக்காமல் இருந்திருந்தால். ஆட்கள் இறங்கி பஸ்ஸுக்கு வந்துகொண்டிருந்தார்கள். வேன் காலியாகிக்கொண்டிருந்தது.

காலி வேன் எங்கே போகும்? வந்த வழியேதான்.

கல்பகம் படியிலிருந்து குதித்தாள். "அக்கா, வண்டி நிக்காது" என்று பூபாலன் கத்தினான்.

வேன் டிரைவர் இர்பான் சாவியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "போலாரம் நக்கோ அம்மா. பாரடைஸ் வரைக்கும்தான் போறேன்."

"அங்க அவர் நிப்பார், தம்பி. பிரவுன் ஸ்கூட்டர். ஹெல்மெட் கண்ணாடி பளபளன்னு இருக்கும்."

இர்பான் சிரித்துச் சாவியைச் சட்டைப் பையில் போட்டான்.

பஸ் நகரத் தொடங்கியிருந்தது. ஓடிப் போய்க் கம்பியைப் பற்றி ஏறி, படியிலேயே நின்று போன் செய்தாள். "பாரடைஸுக்குப் போய் நில்லுங்க. வெள்ளை வேன், இர்பான்னு பேரு. சாவி கொடுத்தனுப்பியிருக்கேன். நான் இறங்கல."

போனில் பக்கத்து வீட்டு நாய் குரைப்பது கேட்டது.

"வேன் நம்பர் என்ன?" என்றார் ஜகதீசன்.

வேன் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. அவள் எட்டிப் பார்த்து எண்ணைப் படித்துச் சொன்னாள். கடைசி இரண்டு எண் காதில் விழவில்லை என்றார். பஸ் கதவு புஸ்ஸென்று மூடியது. அவள் இன்னொரு முறை, நிதானமாக, சொன்னாள்.